துளை போடாமல் ஒரு கோடு

1870களின் கடைசியில் இத்தாலியின் டூரின் நகரத்தில் மிக்கேல் பெர்ட்டினோ என்ற விவசாயி சிகிச்சைக்கு வந்திருந்தார். உயரத்திலிருந்து விழுந்த செங்கல் ஒன்று அவருடைய மண்டையோட்டை உடைத்திருந்தது. ஆள் பிழைத்துக்கொண்டார். எலும்பு போன இடத்தில், தோலுக்கு அடியில் மூளை துடிப்பது மட்டும் வெளியே தெரிந்துகொண்டிருந்தது. உடலியல் பேராசிரியர் ஆஞ்செலோ மோஸ்ஸோவுக்கு அது கிடைத்தற்கரிய வாய்ப்பு. அந்தப் பள்ளத்தின் மேல் காற்றுப் புகாத மூடி ஒன்றைப் பொருத்தினார். அதிலிருந்து குழாய் இழுத்து, கரிப்புகை படிந்த உருளையின்மேல் ஓர் ஊசியைக் கீறவைத்தார். துடிப்பு கோடாக விழுந்தது. தேவாலய மணி ஒலித்தபோது கோடு உயர்ந்தது. பெருக்கல் கணக்கு கேட்டபோதும் உயர்ந்தது. கணக்கு என்றால் ரத்தம் தலைக்கேறும் என்பதற்கு இதைவிட நேரான சான்று நமக்குக் கிடைக்கப்போவதில்லை.

அந்தக் கோட்டின் கதைதான் இது. பெர்ட்டினோவுக்கு விபத்தே துளை போட்டுக் கொடுத்தது. பின்னால் வந்த மருத்துவர்கள் தாங்களே துளை போட்டு அதைப் போன்ற கோட்டை வரைந்தார்கள். இப்போது துளையே போடாமல் வரையப் பார்க்கிறார்கள். பாதி தூரம் வந்திருக்கிறார்கள் என்று சொல்லலாம்.

இந்தக் கோடு எதற்கு வேண்டும்? தலையில் அடிபட்டவருக்கு ஆபத்து இரண்டு தவணையாக வருகிறது. முதல் அடி சாலையிலோ மாடிப்படியிலோ விழுந்து முடிந்துவிடுகிறது. அதை எந்த மருத்துவராலும் திருப்பி எடுக்க முடியாது. இரண்டாவது, அடுத்த சில நாட்களில் மண்டைக்குள்ளேயே நடப்பது. மண்டையோடு மூடிய பெட்டி. மூளை, ரத்தம், மூளைத் தண்டுவடத் திரவம் மூன்றும் அதற்குள் இடம் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒன்று பெருத்தால் மற்றது குறைந்தாக வேண்டும். எடின்பரோவின் அலெக்சாண்டர் மன்றோ 1783-லும், பக்கத்து ஊரான லீத்தின் ஜார்ஜ் கெல்லி 1824-லும் எழுதிவைத்த பாடத்திலிருந்து வளர்ந்தது இது. மூளை வீங்கினால் உள்ளழுத்தம் ஏறும். உள்ளழுத்தம் ஏறினால் ரத்தம் உள்ளே போகத் திணறும். ரத்தம் குறைந்தால் அடிபடாமல் மிஞ்சிய மூளையும் சாகத் தொடங்கும்.

நல்ல உடம்பில் இதற்கு ஒரு காவல் இருக்கிறது. எடையில் உடம்பின் சுமார் 2 சதவீதமே இருக்கும் மூளை, உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 மி.லி. ரத்தம் வந்துகொண்டே இருக்க வேண்டும். படுத்தாலும் எழுந்தாலும், கோபப்பட்டாலும் தூங்கினாலும் ரத்த அழுத்தம் மாறுகிறது. மூளைக்கு வரும் இந்த ரத்தத்தின் அளவு பெரிதாக மாறுவதில்லை. தெருக்குழாயில் தண்ணீர் வேகமாக வந்தால் திருகைக் கொஞ்சம் மூடுகிறோம், வேகம் குறைந்தால் திறக்கிறோம் அல்லவா? மூளையின் நுண்தமனிகள் அந்தச் சீராக்க வேலையை யாரும் சொல்லாமலே செய்கின்றன.

இதைக் கண்ணால் பார்த்தவர்களில் முக்கியமானவர் கோபன்ஹேகனின் மொகென்ஸ் ஃபோக். 1930களில் பூனைகளின் மண்டையில் கண்ணாடிச் சன்னல் பதித்து, ரத்த அழுத்தம் இறங்கும்போது மூளையின் மேற்பரப்பு நாளங்கள் விரிவதையும் ஏறும்போது சுருங்குவதையும் பதிவு செய்தார். (இதே ஃபோக்தான் பிற்பாடு டென்மார்க்கின் நாஜி எதிர்ப்பு இயக்கத் தலைவர்களில் ஒருவர். கெஸ்டாப்போ தலைமையகத்தின் மாடியில் அடைபட்டிருந்தார். 1945 மார்ச் 21 அன்று பிரிட்டிஷ் விமானங்கள் அந்தக் கட்டடத்தின்மீது குண்டு போட்டபோது தப்பித்தார். அவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.) அதே நகரத்தின் நீல்ஸ் லாஸன் 1959-ல், அதுவரை வெளிவந்த மனித ஆய்வுகளைத் திரட்டி ஒரு வரைபடம் போட்டார். சராசரி ரத்த அழுத்தம் சுமார் 60-லிருந்து 150 மி.மீ. பாதரசம் வரைக்கும் ரத்த ஓட்டம் மாறாமல் தட்டையாக இருக்கிறது என்பது அதன் சாரம். இன்றைக்கும் மருத்துவ மாணவர்கள் அந்தப் படத்தை மனப்பாடம் செய்கிறார்கள். அதிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் வெவ்வேறு நோயாளிக் கூட்டத்தின் சராசரி என்பதைப் பலர் கவனிப்பதில்லை. படுக்கையில் கிடக்கும் இந்த ஒருவருக்கு அந்தத் தட்டை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று லாஸனின் படம் சொல்லாது. தலைக்காயத்துக்குப் பிறகு தட்டை குறுகலாம், நகரலாம், ஒரேயடியாகக் காணாமலும் போகலாம். காலையில் இருந்தது மாலையில் இல்லாமல் போவதும் உண்டு.

ஆகவே ஒவ்வொருவருக்கும் தனிக் கோடு வேண்டும். சுவீடனின் லுண்ட் நகரத்தில் நில்ஸ் லுண்ட்பெரி அதை வரைந்தார். மண்டையில் துளை போட்டு, மூளையின் நடுவே திரவம் நிறைந்திருக்கும் அறைக்குள் மெல்லிய குழாயை இறக்கி, அழுத்தத்தை மணிக்கணக்காக, நாள்கணக்காகக் காகிதச் சுருளில் ஓடவிட்டார். பிரான்சில் இதைச் சிலர் முன்பே செய்து பார்த்திருந்தார்கள். இவ்வளவு பொறுமையாக யாரும் செய்ததில்லை. 143 நோயாளிகளின் பதிவுகளோடு அவருடைய நூல் 1960-ல் வந்தது. நாடித்துடிப்பும் மூச்சும் கோட்டில் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அவற்றைத் தாண்டி வேறு அலைகளும் இருப்பதை லுண்ட்பெரி காட்டினார். சில சமயம் அழுத்தம் திடீரென்று 50-க்கு மேலே தாவி, ஐந்து நிமிடம், இருபது நிமிடம் அங்கேயே நின்றுவிட்டு இறங்கும். மூளை திணறுகிறது என்பதற்கான அபாயச் சங்கு அது. இன்னொன்று, நிமிடத்துக்கு ஒன்றோ இரண்டோ எனச் சாவகாசமாக ஏறி இறங்கும் சிற்றலை. முதலாவதைக் கண்டு எல்லோரும் பதறினார்கள். இந்த மெதுவான அலையை அநேகமாக யாரும் பொருட்படுத்தவில்லை. மீதிக் கதையெல்லாம் அதன் முதுகில்தான் ஏறி வருகிறது.

இடையில் மருத்துவர்களுக்குள் ஒரு சண்டை. ரத்த அழுத்தத்திலிருந்து மண்டைக்குள் அழுத்தத்தைக் கழித்தால் வருவதுதான் மூளைக்குள் ரத்தத்தைத் தள்ளும் அழுத்தம். 1990களில் அமெரிக்காவின் மைக்கேல் ரோஸ்னர் அதை 70-க்கு மேலேயே வைத்திருக்க வேண்டும், தேவைப்பட்டால் மருந்து கொடுத்து ரத்த அழுத்தத்தை ஏற்ற வேண்டும் என்றார். லுண்ட் மருத்துவர்கள் நேர்மாறு: ஏற்றினால் சேதமான நாளங்களிலிருந்து நீர் கசிந்து வீக்கம் கூடும், இறக்கு என்றார்கள். ஏற்றியவர்களின் நோயாளிகள் சிலருக்கு நுரையீரல் கெட்டது. யார் சொல்வது சரி? எடின்பரோவிலும் உப்சாலாவிலும் இரு வழிகளிலும் சிகிச்சை பெற்றவர்களை ஒப்பிட்டு 2005-ல் வந்த ஆய்வு ஒன்று சண்டையைத் தீர்க்கும் திசையைக் காட்டியது. நாளங்களின் சீராக்கம் வேலை செய்பவர்களுக்கு அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் வழி பலன் தந்தது. சீராக்கம் செத்துப்போனவர்களுக்கு மண்டைக்குள் அழுத்தத்தைக் குறைக்கும் வழி. இரண்டு கட்சியும் பாதிப் பாதி சரி. எந்த நோயாளி எந்தப் பாதி என்று படுக்கையருகே சொல்ல ஆள் வேண்டும்.

அந்த ஆள் கேம்பிரிட்ஜில் இருந்தார். மாரெக் சோஸ்னிகா மருத்துவர் அல்லர். வார்சாவிலிருந்து வந்த பொறியாளர். ஆடன்புரூக்ஸ் மருத்துவமனையில் பீட்டர் ஸ்மீலெவ்ஸ்கி, நரம்பியல் அறுவை மருத்துவர் ஜான் பிக்கார்ட் ஆகியோருடன் அவர் செய்த காரியம் ஏமாற்றும் அளவுக்கு எளிமையானது. மணிக்கட்டுத் தமனியில் ஊசி வழியாக ரத்த அழுத்தம் எப்படியும் பதிவாகிக்கொண்டிருக்கிறது. மண்டைக்குள் அழுத்தமும் பதிவாகிறது. இரண்டையும் பத்துப் பத்து விநாடிகளுக்குச் சராசரி எடுத்தார்கள். நாடியும் மூச்சும் வடிகட்டப்பட்டு, லுண்ட்பெரியின் மெதுவான அலை மட்டும் மிஞ்சியது. அப்படி முப்பது சராசரிகளை, அதாவது ஐந்து நிமிடத்தை, எடுத்து இரண்டுக்கும் ஒட்டுறவுக் கெழு கணக்கிட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் புள்ளியியல், அவ்வளவுதான்.

அதன் பொருள் இப்படி. ரத்த அழுத்தம் தானாகவே கொஞ்சம் ஏறுகிறது. நாளங்கள் உயிரோடு இருந்தால் சுருங்கும். பெட்டிக்குள் ரத்தத்தின் கனஅளவு குறையும். மண்டைக்குள் அழுத்தம் அதே இடத்தில் நிற்கும் அல்லது லேசாக இறங்கும். கெழு பூஜ்யத்துக்கு அருகிலோ எதிர்மறையாகவோ வரும். நாளங்கள் செயலற்றுக் கிடந்தால் ஏறும் அழுத்தம் அவற்றை ஊதிப் பெருக்கும். இரண்டு கோடும் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்கும். கெழு ஒன்றை நோக்கிப் போகும். 1997-ல் 82 தலைக்காய நோயாளிகளின் பதிவுகளோடு இது வெளியானது. பி.ஆர்.எக்ஸ். என்று இதற்குப் பெயர். 0.25-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து கூடுகிறது என்று பின்னால் வந்த பெரிய ஆய்வு ஒன்று சொன்னது.

நோயாளிக்கு மருந்து கொடுத்துச் சீண்ட வேண்டியதில்லை, தொடையில் பட்டை கட்டி இறுக்கிச் சட்டென்று விட வேண்டியதில்லை. உடம்பு சும்மா கிடக்கும்போது தானாக வரும் அலைகளே சோதனை. இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. இதற்குச் சரியான எண்ணே தேவையில்லை. இரண்டு கோடுகள் சேர்ந்து நடக்கின்றனவா, பிரிந்து நடக்கின்றனவா என்பது தெரிந்தால் போதும். இப்படி ஒரு வழி கிடைத்த பிறகுதான் மண்டைக்கு வெளியே வரும் பாதை திறந்தது. அழுத்தத்தை மி.மீ. கணக்கில் துல்லியமாக வெளியிலிருந்து அளப்பது மிகக் கடினம். அதன் தாளத்தைப் பிடிப்பது அவ்வளவு கடினமில்லை.

கேம்பிரிட்ஜ் குழு அதோடு நிற்கவில்லை. தள்ளும் அழுத்தத்தின் ஒவ்வொரு அளவிலும் கெழு என்ன என்று வரைந்தால் பல நோயாளிகளுக்கு ஆங்கில U எழுத்தைத் தட்டையாக்கியதுபோல் ஒரு வளைவு வந்தது. அடிமட்டத்தில் இருக்கும் அளவுதான் அந்த ஆளுக்கு உகந்த அழுத்தம். 2002-ல் லூஸியஸ் ஸ்டைனரும் பிறரும் 114 பேரின் பதிவுகளில் இதைக் காட்டினார்கள். இதன்படி சிகிச்சையை நடத்த முடியுமா என்று ஐரோப்பாவின் நான்கு மருத்துவமனைகள் 60 நோயாளிகளிடம் சோதித்து 2021-ல் வெளியிட்டன. முடியும், ஆபத்துமில்லை என்பது முடிவு. பிழைப்பவர்கள் கூடுவார்களா என்று சொல்லும் அளவுக்கு அது பெரிய சோதனை இல்லை. அதற்காக அது நடத்தப்படவும் இல்லை.

இத்தனையும் ஒரு துளையின் வழியாக வந்தவை. துளைக்கு விலை உண்டு. ரத்தக் கசிவு ஏற்படலாம். திரவ அறைக்குள் இறக்கிய குழாய் நாளாக ஆகக் கிருமி தொற்றலாம். துளை போட நரம்பியல் அறுவை மருத்துவர் வேண்டும், பார்த்துக்கொள்ளத் தேர்ந்த செவிலியர்கள் வேண்டும், மூளைக்குள் வைக்கும் நுனி உணரி ஒவ்வொன்றும் விலை அதிகம். ரத்தம் உறையாத நோயாளிக்குத் துளை போடவே முடியாது. லேசான, நடுத்தரக் காயக்காரர்களுக்குப் போட யாரும் துணிவதில்லை. அவர்களிலும் சிலர் இரண்டாம் நாள் சரிகிறார்கள்.

2012-ல் ஒரு குட்டு விழுந்தது. பொலிவியா, ஈக்வடார் மருத்துவமனைகளில் 324 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மண்டைக்குள் உணரி வைத்துச் சிகிச்சை. மறு பாதிக்கு ஸ்கேனும் நேர்ப் பரிசோதனையும் மட்டும். முடிவில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. உணரி வீண் என்று இதைப் படித்தவர்கள் அவசரப்பட்டார்கள் என்பது என் எண்ணம். அந்த ஆய்வில் எல்லோருக்கும் தீவிரமான சிகிச்சை கிடைத்தது. ஓர் எண்ணைப் பார்த்து, அது வரம்பைத் தாண்டியதும் எல்லோருக்கும் ஒரே மருந்து கொடுப்பதால் மட்டும் ஆள் பிழைப்பதில்லை என்பதே அது சொன்ன பாடம். நம்மூர் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த லத்தீன் அமெரிக்க வார்டுகள் அந்நியமாகத் தோன்றாது.

வெளியே வரும் பாதையில் முதலில் வந்தது ஒலி. நார்வேக்காரரான ரூனே ஆஸ்லிட் 1982-ல், நெற்றிப்பொட்டின் மெல்லிய எலும்பு வழியாக 2 மெகாஹெர்ட்ஸ் மீயொலியைச் செலுத்தி, மூளையின் நடுத்தமனியில் ரத்தம் ஓடும் வேகத்தைப் பிடித்தார். கேம்பிரிட்ஜ் குழு தங்கள் கணக்கை இந்த வேகத்தின்மீதும் போட்டுப் பார்த்தது, வேலை செய்தது. தொந்தரவுகள் வேறு இடத்தில் இருந்தன. பத்தில் ஒருவருக்காவது அந்த எலும்பு ஒலியை விடாது. விடுபவர்களுக்கும் உணரியைச் சரியான கோணத்தில் யாராவது பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். செவிலியர் நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்தால் கோடு போய்விடும். அரை மணி நேரப் பரிசோதனைக்குச் சரி. மூன்று நாள் காவலுக்குச் சரிவராது.

அடுத்தது ஒளி. டியூக் பல்கலைக்கழகத்தின் ஃபிரான்ஸ் யோப்சிஸ் வீட்டில் ஒருநாள் மாட்டிறைச்சியின் தோள்பட்டை எலும்பை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாராம். எலும்பு வழியே சிவப்பு ஒளி ஊடுருவி வந்தது. எலும்பு ஒளிக்குச் சுவரில்லை என்றால் மண்டையோடும் சுவரில்லை. கண்ணுக்குத் தெரியும் சிவப்பைக் கொஞ்சம் தாண்டிய அகச்சிவப்பு ஒளி தோல், எலும்பு இரண்டையும் கடந்து மூளையைத் தொட்டுத் திரும்பும் என்று 1977-ல் எழுதினார். ஆக்சிஜன் ஏற்றிய ரத்தமும் ஏற்றாத ரத்தமும் அந்த ஒளியை வேறு வேறு விதமாக உறிஞ்சுகின்றன. திரும்பி வரும் ஒளியைக் கணக்கிட்டால் உள்ளே எவ்வளவு ரத்தம், அதில் எவ்வளவு ஆக்சிஜன் என்று தெரியும். நெற்றியில் பிளாஸ்டர்போல ஒட்டும் பட்டை போதும். யாரும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

2007-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த கென் பிரேடியின் குழு, பன்றிக்குட்டிகளின் ரத்த அழுத்தத்தைப் படிப்படியாக இறக்கி, ஒளிப்பட்டையின் கோட்டையும் ரத்த அழுத்தக் கோட்டையும் ஒட்டுறவுக் கணக்கில் இட்டது. சீராக்கம் எந்த அழுத்தத்தில் உடைகிறது என்பதைப் பட்டை காட்டிக்கொடுத்தது. 2010-ல் கிறிஸ்டியன் ஸ்வைஃபெலும் கேம்பிரிட்ஜ் குழுவும் தலைக்காய நோயாளிகளிடம் ஒரே சமயத்தில் உள்ளே உணரியும் நெற்றியில் பட்டையும் வைத்து இரண்டு கெழுக்களையும் ஒப்பிட்டார்கள். மெதுவான அலைகள் நன்றாகத் தெரியும் நேரங்களில் இரண்டும் ஒத்துப்போயின. அலை மங்கிய நேரங்களில் ஒப்பு மங்கியது. லுண்ட்பெரியின் காகிதச் சுருளில் யாரும் மதிக்காமல் கிடந்த சிற்றலை, ஐம்பது ஆண்டு கழித்து நெற்றித்தோலின் மேல் வந்து நின்றது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஒளி உள்ளே போவது ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர்தான். போகும் வழியில் தலைத்தோலின் ரத்தமும் கோட்டில் கலந்துவிடுகிறது. இதற்காகப் பட்டையில் இரண்டு இடங்களில் ஒளியை வாங்கி, அருகில் திரும்பிய தோல் ஒளியைத் தள்ளுபடி செய்கிறார்கள், முழுதாகத் தீர்ந்தபாடில்லை. பட்டைக்கு நேர் கீழே ரத்தக்கட்டு இருந்தால் ஒளி அங்கேயே மாட்டிக்கொள்ளும். நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளையைப் பற்றித்தான் அது பேசும். பின்மண்டையில் அடிபட்டவரின் கதை வேறாக இருக்கலாம். தோலின் நிறமும் ஒரு கேள்வி. கறுத்த தோலுள்ளவர்களிடம் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஆக்சிஜன் குறைவைத் தவறவிடுவது வெள்ளைத் தோலுள்ளவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020-ல் அமெரிக்காவிலிருந்து வந்த ஆய்வு காட்டியது. நெற்றிப்பட்டையும் ஒளியை நம்பும் கருவிதான். ஒட்டுறவுக் கணக்குக்கு எண்ணைவிட ஏற்ற இறக்கமே முக்கியம் என்பதால் இந்தப் பிழை இங்கே குறைவாகத் தொல்லை தரும் என்று எதிர்பார்க்கலாம். எதிர்பார்ப்பது வேறு, நம் தோல்களில் சோதித்து உறுதி செய்வது வேறு.

மூன்றாவது வழி பிரேசிலில் பிறந்தது. சாவோ கார்லோஸ் நகரத்து இயற்பியலாளர் செர்ஜியோ மஸ்கரென்யாஸுக்கு வயதான காலத்தில் நடை தடுமாறியது. பார்க்கின்சன் என்றார்கள். பிறகுதான் மூளையில் திரவம் தேங்கும் நோய் என்று தெரிந்தது. மண்டையில் துளை போட்டு வடிகுழாய் வைத்தார்கள். மண்டைக்குள் அழுத்தத்தை அறியத் துளைதான் ஒரே வழி என்பது அந்த விஞ்ஞானிக்குப் பொறுக்கவில்லை. மண்டையோடு முற்றிலும் விறைப்பானது என்ற பழைய நம்பிக்கையையே கேள்வி கேட்டார். ஒவ்வொரு துடிப்புக்கும் எலும்பு மைக்ரோமீட்டர் அளவில் விரிந்து சுருங்குகிறது என்று காட்டி, அதைத் தலைக்கு வெளியிலிருந்தே பிடிக்கும் உணரியைத் தம் குழுவோடு உருவாக்கினார். 2021-ல் காலமானார். அவருடைய கருவி அழுத்தம் இத்தனை மி.மீ. என்று சொல்லாது. ஒவ்வொரு துடிப்பு அலையின் வடிவத்தைக் காட்டும்: முதல் முகட்டைவிட இரண்டாம் முகடு உயர்ந்தால் உள்ளே இடம் நெருக்கடியாகிவிட்டது என்று அர்த்தம். மன்றோவும் கெல்லியும் பார்த்திருந்தால் பெட்டி இவ்வளவு மூடியதில்லையா என்று வியந்திருப்பார்கள்.

துளையில்லை, ஊசியில்லை என்று விளம்பரங்களில் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணக்குக்கு இரண்டு கோடுகள் வேண்டும். மூளைக்கோடு வெளியே வந்துவிட்டாலும், ரத்த அழுத்தக் கோடு பெரும்பாலான ஐசியூக்களில் மணிக்கட்டுத் தமனியில் குத்திய ஊசியிலிருந்துதான் வருகிறது. விரலில் மாட்டும் பட்டையால் துடிப்புக்குத் துடிப்பு ரத்த அழுத்தத்தைப் பின்தொடரும் வழியைச் செக் நாட்டு யான் பேன்யாஸ் 1973-லேயே காட்டினார். அதிலிருந்து வந்த கருவிகள் இருக்கின்றன. கை குளிர்ந்து ரத்தம் ஒதுங்கிய, மருந்தால் அழுத்தம் தாங்கி நிற்கும் நோயாளியிடம் அவற்றின் கோடு தடுமாறுகிறது. குறைவான ஊடுருவல் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். ஊடுருவலே இல்லை என்று அவர்கள் இன்னும் சொல்லவில்லை.

என் தீர்ப்பு இது. குழாய் இறக்க வசதியும் தேவையும் உள்ள இடத்தில் குழாய் இருக்கட்டும். அழுத்தத்தைச் சொல்வதோடு, தேவைப்பட்டால் திரவத்தை வடித்து அழுத்தத்தைக் குறைக்கவும் அதனால் முடியும்; நெற்றிப்பட்டையால் அது முடியாது. பட்டைக்கு உரிய இடம் வேறு படுக்கைகள்: துளை போட முடியாதவர்கள், துளை போடும் அளவுக்கு மோசமாகாதவர்கள், துளை போட மருத்துவர் இல்லாத ஊர்களின் நோயாளிகள். இன்றைக்கு அவர்கள் தலைமாட்டில் எந்தக் கோடும் ஓடவில்லை. சீராக்கத்தைப் பார்த்துச் சிகிச்சை செய்தால் தலைக்காய மரணங்கள் குறையும் என்று நிறுவிய பெரிய சோதனை, உள் உணரிக்கும் சரி வெளிப்பட்டைக்கும் சரி, இன்னும் வரவில்லை. அதுவரை உறவினர் ஒருவர் ஐசியூவில் கிடக்கும்போது நெற்றியில் பட்டையைப் பார்த்தால், அது என்ன எண் காட்டுகிறது என்று கேட்காதீர்கள். ரத்த அழுத்தத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.